மூடாமல் விட்ட கோப்புகளும் மாற்று ரன்டைமும்

“நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். ரன்டைமை மட்டும் மாற்றுங்கள், வேகம் தானாக வரும்.” ரன்டைம் என்பது நாம் எழுதிய நிரலைக் கணினியில் ஓட்டிவைக்கும் மென்பொருள். மாற்று ரன்டைம் எதைப் பற்றிய பேச்சானாலும் இந்த வாக்கியம் எங்காவது தலைகாட்டிவிடும். பைத்தானுக்குப் பைபை, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடுக்கு பன், ஜாவாவுக்கு கிரால்விஎம் என்று பெயர்தான் மாறும். இதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மெய் என்று இன்னொருவருக்குச் சொல்லவும் வாய் வரவில்லை. எங்கள் நிரல் ஒன்றை நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். ஒரு வரியையும் தொடவில்லை. வேகமும் சொன்னபடியே வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் இன்றுவரை எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நிரல் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. இரவில் ஓடும். பல சர்வர்கள் பகலெல்லாம் எழுதிக் குவித்த லாக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கும். வரி வரியாக வெட்டும். எந்தக் கோரிக்கை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கோத்து, சுருக்கக் கோப்புகளாக எழுதி வைக்கும். ஒரு சுருக்கம் தயாரானதும் அதன் பெயரை ஒரு வரிசையில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பக்கத்தில் ஓடும் இன்னொரு சின்ன நிரல் அந்தப் பெயரை எடுத்து, கோப்பை அமுக்கி, வேறொரு சர்வருக்கு அனுப்பும். காலையில் அங்கே அறிக்கை தயாராகும். முழுக்க முழுக்கப் பைத்தான், பல வருடங்களில் பலர் கை பட்டது. இந்த வகை வரியில் மூன்றாவது புலம் காலியாக இருந்தால் முந்தைய வரியோடு சேர்க்க வேண்டும் என்பது போன்ற விதிகள் அதில் ஏராளம். அவை ஏன் வந்தன என்று சொல்லக்கூடியவர்கள் சிலர் இப்போது எங்களோடு இல்லை. ரஸ்ட் மொழியிலோ கோ மொழியிலோ திரும்ப எழுதலாம் என்ற யோசனை ஒவ்வொரு முறையும் இந்த விதிகளில் மோதித்தான் நின்றது. தரவு வளர்ந்துகொண்டே போனது, இரவு வளரவில்லை.

பைபை இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்று தோன்றியதற்குக் காரணம் இருந்தது. நாம் எல்லோரும் சும்மா பைத்தான் என்று சொல்லும் சிபைத்தான், நிரலை பைட்கோடு என்ற இடைநிலைக் கட்டளைகளாக மாற்றி அதை ஒவ்வொரு கட்டளையாக எடுத்துச் செய்கிறது. பைபையும் அப்படித்தான் தொடங்கும், ஆனால் ஓடும்போதே வேவு பார்க்கும். ஒரு லூப் திரும்பத் திரும்ப ஓடி, இயல்பாக வைத்திருக்கும் 1039 என்ற எல்லையைத் தாண்டினால், அந்த லூப் உண்மையில் எந்தப் பாதையில் போகிறது என்று பதிவு செய்து, அந்தப் பாதைக்கு மட்டும் இயந்திர மொழியில் கட்டளைகளைத் தயாரிக்கும். நடுவே ஆங்காங்கே காவல் சோதனைகளை வைக்கும். எதிர்பார்த்த வகைத் தரவு வராவிட்டால் பழைய வழிக்குத் திரும்பிவிடும். எங்கள் நிரலில் ஒரே லூப், ஒரே மாதிரியான சரங்களின் மேல், இரவு முழுக்க ஓடுகிறது. இப்படி ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் பகுதிக்கு ஜிட் என்று பெயர்; இதைவிட நல்ல வேலையை ஒரு ஜிட்டுக்குக் கொடுக்க முடியாது. சிபைத்தானைவிடச் சராசரியாக ஏறக்குறைய 3 மடங்கு வேகம் என்று பைபை தளமே சொல்கிறது. எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது. ஓடும் நேரம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. டெஸ்ட்கள் எல்லாம் பச்சை. மாற்றுவதற்கு எதிராக இருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வட்டில் முழுசு, அனுப்பியதில் பாதி

முதல் அறிகுறி சாதாரணமாகத்தான் வந்தது. லாக் அதிகமாக இருந்த ஓர் இரவில், திறந்திருக்கும் கோப்புகள் அளவுக்கு மீறிவிட்டன என்ற பிழையோடு நிரல் நின்றது. லினக்ஸில் ஒரு புரோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளுக்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான இடங்களில் அது 1024. சர்வர் வேலை பார்த்த எவருக்கும் இந்தப் பிழை பழைய நண்பன். பழைய நண்பனுக்குச் செய்யும் மரியாதையைச் செய்தோம். எல்லையை உயர்த்தினோம், நிரல் ஓடியது, அடுத்த வேலைக்குப் போனோம். வேகமாக ஓடுகிறது, அதனால் அதிகக் கோப்புகளைத் தொடுகிறது என்று ஒரு விளக்கமும் யாரோ சொன்னார்கள். அப்போது அது நியாயமாகவே பட்டது.

அறிக்கையில் எண்கள் குறையத் தொடங்கியது அதற்கும் பிறகு. பெரிய குறைவு இல்லை. ஒரு சர்வரின் கணக்கு லேசாக இறங்கியிருக்கும், இன்னொரு சர்வர் ஒரு மணி நேரத்துக்கு அறவே காணாமல் போயிருக்கும். எந்த லாகிலும் பிழை இல்லை. அறிக்கை சர்வரில் போய்ப் பார்த்தால் சில சுருக்கங்கள் பாதி வரியில் அறுந்து நின்றன. சில பூஜ்யம் பைட். சரி, எழுதும் நிரலில்தான் கோளாறு என்று மூல சர்வரில் அதே கோப்பைத் திறந்தால், கடைசி வரி வரை முழுசாக இருக்கிறது. வட்டில் முழுசு, அனுப்பியதில் பாதி. சந்தேகம் அனுப்பும் நிரல் மேல் விழுந்தது, பிறகு அமுக்கும் லைப்ரரி மேல், பிறகு நெட்வொர்க் மேல். நெட்வொர்க் பார்ப்பவர்களோடு நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதாமல் விடுவதே எல்லோருக்கும் நல்லது. ரன்டைமை யாரும் சந்தேகிக்கவில்லை. அது மாற்றப்பட்டுக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நம் மனம் நேற்று மாற்றியதைத்தான் முதலில் சந்தேகிக்கும்.

முடிச்சு அவிழ்ந்தது பூஜ்யம் பைட் கோப்புகளில். அவை எல்லாமே சின்னச் சுருக்கங்கள் என்பதை எங்களில் ஒருவர் கவனித்தார். பெரியவை வாலை மட்டும் இழந்திருந்தன, சின்னவை மொத்தமாகக் காணாமல் போயிருந்தன. கோப்பில் எழுதச் சொன்னதும் பைத்தான் அதை உடனே வட்டுக்கு அனுப்பாது. நினைவகத்தில் ஒரு பஃபரில் சேர்த்து வைக்கும், வழக்கமாக 8192 பைட். நிறைந்தாலோ கோப்பை மூடினாலோதான் கீழே தள்ளும். சின்னச் சுருக்கம் முழுவதுமே பஃபருக்குள் அடங்கிவிடும். அப்படியானால் அனுப்பும் நிரல் கோப்பை எடுத்த நேரத்தில் அது இன்னும் மூடப்படவே இல்லை. காலையில் நாங்கள் பார்க்கும்போது எழுதும் நிரல் வேலையை முடித்து, வெளியேறும் வழியில் மிச்சத்தைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. அதனால்தான் சாட்சி எப்போதும் சுத்தமாக இருந்தது.

எழுதும் பங்க்‌ஷனைத் திறந்து பார்த்தோம். கோப்பைத் திறக்கிறது, எழுதுகிறது, திரும்புகிறது. மூடும் வரி இல்லை. மிகப் பழைய பங்க்‌ஷன் அது. சிபைத்தானில் அத்தனை வருடமும் பழுதில்லாமல் ஓடியதற்குக் காரணம், சிபைத்தான் ஒவ்வொரு பொருளையும் எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. பங்க்‌ஷன் முடிந்ததும் கோப்பைப் பிடித்திருந்த ஒரே பெயரும் போய்விடும், எண்ணிக்கை பூஜ்யம், அந்தக் கணமே பொருள் அழிக்கப்படும், அழியும்போது பஃபர் தள்ளப்பட்டு கோப்பு மூடப்படும். பைபை அப்படி எண்ணுவதில்லை. அதன் கார்பேஜ் கலெக்டர் அவ்வப்போது வந்து, யாரும் பிடித்திராதவற்றைக் கூட்டித் தள்ளும். எப்போது வரும் என்பதை முடிவு செய்வது நினைவகம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதுதான். எத்தனை கோப்புகள் திறந்து கிடக்கின்றன என்பது அதன் கணக்கிலேயே கிடையாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த, அதாவது இரவில் தூக்கம் வராமல் யோசிக்க வைத்த பகுதி இதுதான். ஜிட் நன்றாக வேலை செய்யும்போது, லூப்புக்குள் உருவாகி லூப்புக்குள்ளேயே சாகும் தற்காலிகப் பொருள்களை உருவாக்காமலே தவிர்த்துவிடும். வேகத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். பொருள்கள் குறைவாகப் பிறந்தால் நினைவகம் மெதுவாக நிறையும். மெதுவாக நிறைந்தால் கலெக்டர் அரிதாக வருவார். அரிதாக வந்தால் கோப்புகள் அதிக நேரம் திறந்தே கிடக்கும். டெஸ்ட்களில் இது தெரியாமல் போனதும் இதனால்தான். டெஸ்ட் சின்னது, ஜிட் சூடாவதற்குள் முடிந்துவிடும், முடிந்ததும் எல்லாம் தள்ளப்பட்டுவிடும், பிறகுதான் நாங்கள் கோப்பை ஒப்பிடுவோம். எது எங்களுக்கு வேகத்தைக் கொடுத்ததோ அதுவே வாலைப் பிடித்து வைத்திருந்தது.

குற்றவாளி யார் என்று ஒரு வாக்குவாதம்

இது பைபையின் பக், அதாவது அதன் பிழை, என்றார் ஒருவர். சிபைத்தானில் ஓடுவது பைபையில் ஓடவில்லை என்றால் வேறு என்ன பெயர் வைப்பது என்பது அவர் கேள்வி. இன்னொருவர் பைத்தான் மொழியின் அதிகாரபூர்வ விளக்கத்தைத் திறந்து காட்டினார். பொருள் எட்டாமல் போன உடனே அழிக்கப்படும் என்று நம்பாதீர்கள், கோப்புகளை நீங்களே மூடுங்கள் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. இதற்கென்றே ‘வித்’ என்ற கட்டளை 2006-இல், பைத்தான் 2.5-இல் வந்துவிட்டது. பைபையின் ஆவணங்களிலும், சிபைத்தானிலிருந்து எங்கெல்லாம் மாறுபடுகிறது என்ற பக்கத்தில் இந்தக் கோப்பு விஷயம்தான் முன்வரிசையில் நிற்கிறது. சட்டப்படி பார்த்தால் வழக்கு அங்கேயே முடிந்தது.

எனக்கு மட்டும் முடியவில்லை. மொழியின் விளக்கத்தைப் படித்துவிட்டு அதன்படி நிரல் எழுதுகிறவர்கள் யார்? நாம் எழுதுகிறோம், ஓட்டுகிறோம், ஓடினால் சரி என்று எடுத்துக்கொள்கிறோம். நமக்கு மொழி என்பது நம் கண்முன் ஓடும் அந்த ஒரு ரன்டைம்தான். அதன் வாக்குறுதி எது, அதன் சுபாவம் எது என்று பிரித்துப் பார்க்க அது நமக்கு வாய்ப்பே தருவதில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். நியாயமாகச் சொன்னால் சிபைத்தானும் எச்சரிக்கத்தான் செய்தது. மூடாத கோப்பு அழியும்போது அது ஓர் எச்சரிக்கையை எழுப்பும், ஆனால் இயல்பு நிலையில் அதைக் காட்டாது. டெவலப்மென்ட் நிலையில் ஓட்டினால்தான் தெரியும். நாங்கள் ஓட்டிப் பார்த்தபோது திரை நிரம்பி வழிந்தது.

தேடத் தொடங்கினால் இப்படிச் சாய்ந்து நின்ற இடங்கள் இன்னும் கிடைத்தன. லூப்புக்குள் ஒரு சரத்தோடு இன்னொன்றை ஒட்டிக்கொண்டே போவது அதில் ஒன்று. ஒவ்வொரு முறையும் முழுச் சரத்தையும் நகலெடுக்க வேண்டிய வேலை அது, நீளம் கூடக் கூட இருபடியாக மெதுவாகும். சிபைத்தான் அந்தச் சரத்தை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்று எண்ணிக்கையைப் பார்த்தே தெரிந்துகொண்டு, இருந்த இடத்திலேயே நீட்டிவிடும். எண்ணிக்கையே இல்லாத பைபைக்கு அந்தத் தந்திரம் கிடையாது. வேகமான ரன்டைமில் ஒரு பங்க்‌ஷன் மட்டும் நொண்டிக்கொண்டிருந்த மர்மம் இதனால் விளங்கியது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். சாய்ந்து நிற்பது எப்போதும் தவறு என்று சட்டப் புத்தகத்தைக் காட்டியவர் வாதிட்டால், அவருக்கு, சாவிக்கு ஒரு மதிப்பு என்று தரவைச் சேர்த்து வைக்கும் டிக்‌ஷனரியைக் காட்டுவேன். பைத்தான் டிக்‌ஷனரியில் நாம் போட்ட வரிசையிலேயே சாவிகள் திரும்ப வரும் என்பது இன்று மொழியின் உத்தரவாதம். ஆனால் அது தொடங்கியது நினைவகத்தை மிச்சம் பிடிக்கும் ஒரு யோசனையாக. சிபைத்தானின் மைய நிரலாளர்களில் ஒருவரான ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012-இல் முன்வைத்தார். முதலில் அதைச் செயல்படுத்தியது பைபை, 2015-இல். சிபைத்தான் 2016-இல் 3.6 பதிப்பில் பின்தொடர்ந்தது, அப்போதும் இது உள் ஏற்பாடுதான், நம்பாதீர்கள் என்ற குறிப்போடு. எல்லோரும் நம்பினார்கள். 2018-இல் 3.7 வந்தபோது அது மொழியின் விதியாகிவிட்டது. ஆக, ரன்டைமின் சுபாவம் மேல் போதுமான பேர் சாய்ந்தால் சுபாவமே சட்டமாகும். கோப்பு மூடுவதில் அப்படி நடக்கவில்லை, வரிசையில் நடந்தது. எதன் மேல் சாயலாம் என்று முன்கூட்டியே சொல்லும் அளவுகோல் எதுவும் என்னிடம் இல்லை.

இரண்டாவது நிரலை ஏன் மாற்றவில்லை

இரவு நிரலைச் சரிசெய்தபின், வெற்றியின் சூட்டில் இணையச் சேவையையும் பைபைக்கு நகர்த்தலாம் என்று பேச்சு வந்தது. இதில் நான் நேரடியாகவே எதிர்த்தேன். ஒரு கோரிக்கை வந்து பதில் போவதற்குள் செலவாகும் நேரத்தில் 70 சதவீதம் தரவுத்தளத்துக்காகக் காத்திருப்பது என்று வைத்துக்கொள்வோம். மீதி 30 சதவீதத்தை எந்த ரன்டைம் பூஜ்யமாக்கினாலும் மொத்த வேகம் ஏறக்குறைய 1.43 மடங்குக்கு மேல் போகாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொல்லிவைத்த கணக்கு இது. அது போக, அந்தச் சேவை சி மொழியில் எழுதிய லைப்ரரிகளை நிறையப் பயன்படுத்துகிறது. அவை சிபைத்தானின் உள்ளமைப்பை, குறிப்பாக அந்த எண்ணிக்கை முறையை, நேரடியாகத் தொட்டு வேலை செய்பவை. பைபை அவற்றுக்காக ஒரு பாவனை அடுக்கை வைத்திருக்கிறது. வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு முறை எல்லையைக் கடக்கும்போதும் சுங்கம் கட்ட வேண்டும். அளந்து பார்த்தோம்; சில பக்கங்கள் முன்பைவிட மெதுவாயின. பேச்சு அங்கேயே நின்றது.

ரன்டைம்களின் வேகத்தை ஒப்பிட்டுக் காட்டும் பெஞ்ச்மார்க் படங்கள் மேல் எனக்கு உள்ள மனத்தாங்கல் இதுதான். அவை பொய் சொல்வதில்லை. ஆனால் உங்கள் நிரலின் எந்தப் பகுதி மொழிக்குள் ஓடுகிறது, எந்தப் பகுதி மொழிக்கு வெளியே காத்திருக்கிறது என்ற ஒரே கேள்விக்கு அவற்றிடம் பதில் கிடையாது. அந்தப் பதில், நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் ஒரு புரொஃபைலரில், உங்கள் சர்வரில், உங்கள் தரவோடுதான் கிடைக்கும். நாங்கள் இரவு நிரலில் ஜெயித்ததற்குக் காரணம் பைபையின் சாமர்த்தியம் பாதி. அந்த நிரல் வெளியே யாருக்காகவும் காத்திருக்காதது மீதி.

ஜாவாக்காரர்கள், ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள்

இந்தக் கதையைக் கேட்ட ஜாவா நண்பர் ஒருவர் சிரித்தார். அவர்கள் உலகில் ரன்டைம் மாற்றுவது எப்போதோ சகஜமாகிவிட்டது. 2019 தொடக்கத்தில் ஆரக்கிள் தன் ஜாவா 8-க்கான புதுப்பிப்புகளை வணிகப் பயன்பாட்டுக்கு இலவசமாகத் தருவதை நிறுத்தியபோது ஏராளமானோர் கொரெட்டோ, ஜூலூ, இன்று டெமுரின் என்ற பெயரில் வருவது போன்ற, ஜாவாவின் திறந்த மூல வடிவமான ஓபன்ஜேடிகேயின் வெளியீடுகளுக்கு நகர்ந்தார்கள். அவை பெரும்பாலும் ஒரே மூல நிரலிலிருந்து வருபவை, போதாததற்கு ஒத்திசைவைச் சோதிக்கப் பொதுவான பெரிய டெஸ்ட் தொகுப்பும் ஜாவாவுக்கு உண்டு. பைத்தானுக்கு அப்படி ஒரு நடுவர் இல்லை. நண்பர் சிரித்து முடித்த பிறகு, அவர்கள் நகர்ந்தபோதும் ஒன்று நடந்ததை ஒப்புக்கொண்டார். சர்வரில் உருவாகும் படங்களில் எழுத்துகளின் அகலம் மயிரிழை மாறிப்போய், சரியாக அடங்கிய தலைப்புகள் இரண்டு வரியாக மடிந்தனவாம். ஆரக்கிளின் ஜாவா 8 எழுத்துருக்களை வரைய மூடிய மூலத்திலிருந்த ஓர் எஞ்சினைப் பயன்படுத்தியது, ஓபன்ஜேடிகே ஃப்ரீடைப் என்ற திறந்த மூல லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. எந்த ஒத்திசைவுச் சோதனையும் ஒரு தலைப்பு எத்தனை பிக்சல் அகலம் என்று கேட்காது. நடுவர் இருந்தால் ஆட்டம் ஒழுங்காக நடக்கும் என்பது சரிதான், நடுவர் பார்க்காத மூலைகள் எப்போதும் உண்டு என்பதும் சரிதான்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் நடந்தது வேறு மாதிரி. நோடை உருவாக்கிய ரையன் டால், நோடில் தான் வருந்தும் விஷயங்களை 2018-இல் மேடையில் பட்டியலிட்டுவிட்டு, அவற்றைச் சரிசெய்வதாக டீனோவைக் காட்டினார். 2020-இல் வந்த டீனோ 1.0, அனுமதி கேட்காமல் கோப்பையோ நெட்வொர்க்கையோ தொடாது. பிறர் எழுதித் தந்த பேக்கேஜ்களை நோட் சேர்த்து வைக்கும் அந்தப் பெரிய கிடங்கு மாதிரியான ஃபோல்டரும் அதற்கு வேண்டாம். அழகான யோசனை. ஆனால் உலகம் எழுதி வைத்திருந்த பேக்கேஜ்கள் எல்லாம் அந்தக் கிடங்கை நம்பியே இருந்தன. 2024 அக்டோபரில் டீனோ 2 வந்தபோது அந்த ஃபோல்டரும் பழைய பேக்கேஜ் கோப்பும் மரியாதையோடு உள்ளே வரவேற்கப்பட்டன. 2023-இல் 1.0 ஆன பன் அந்த வழியில் போகவே இல்லை. வேறு எஞ்சினில் ஓடினாலும் நோடின் இடத்தில் அப்படியே உட்காருவேன் என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தது. இதற்கிடையே நோடும் சும்மா இருக்கவில்லை. டெஸ்ட் ஓட்டும் வசதி, அனுமதி முறை, டைப்ஸ்கிரிப்ட்டை நேரடியாக ஓட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. போட்டியாளர்கள் இல்லாமல் இவை இந்த வேகத்தில் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மாற்று ரன்டைம்களால் அதிகம் பயன்பெறுபவர்கள் பெரும்பாலும் மாறாமல் இருந்தவர்கள்தான். இதில் கொஞ்சம் அநியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. டிக்‌ஷனரி விஷயத்தில் பைபைக்கு நடந்ததும் அதுதானே.

அந்த அநியாயத்துக்கு விலையும் உண்டு. வேகமான பைத்தானுக்காகத் தொடங்கியவற்றில் எத்தனை நின்றுபோயின என்று பார்த்தால் தெரியும். கூகுளில் 2009-இல் கிளம்பிய அன்லேடன் ஸ்வாலோ சில வருடங்களில் அடங்கியது. டிராப்பாக்ஸ் 2014-இல் அறிவித்த பிஸ்டனுக்கு அதே நிறுவனம் 2017-இல் ஆதரவை நிறுத்தியது. பிறகு வேறு வடிவில் திரும்பியது. ஜாவா மேல் ஓடும் ஜைதான் இன்றுவரை பைத்தான் 2.7-ஐத் தாண்டவில்லை. பைபை 2003 வாக்கில் தொடங்கி இன்னும் உயிரோடு இருப்பதே ஒரு சாதனை. ஆனால் நான் இதை எழுதும் நேரத்தில் சிபைத்தான் 3.14-இல் இருக்கிறது, பைபை 3.11-இல் இருக்கிறது. அந்த இடைவெளி குறையும் கூடும், மூடாது, ஆள்பலம் அப்படி. ஆகவே எங்கள் இரவு நிரலில் 3.11-க்குப் பிந்தைய எதையும் எழுதக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. புதிதாகச் சேருபவர்கள் எரிச்சலோடுதான் அதைக் கேட்டுக்கொள்கிறார்கள். நான்கு மடங்கு வேகத்துக்கு மாதாமாதம் நாங்கள் கட்டும் தவணை அது.

இப்போது எங்கே நிற்கிறது

இரவு நிரல் பைபையில்தான் ஓடுகிறது. எல்லாக் கோப்புகளும் ‘வித்’ கட்டளைக்குள் போய்விட்டன. சுருக்கம் தற்காலிகப் பெயரில் எழுதப்பட்டு, மூடப்பட்ட பிறகே உண்மைப் பெயர் பெற்று வரிசைக்குப் போகிறது. இணையச் சேவை சிபைத்தானிலேயே இருக்கிறது. ஆனால் அதன் டெஸ்ட்களை, சி லைப்ரரிகள் தேவைப்படாத பகுதிகளையாவது, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பைபையிலும் ஓட்டுகிறோம். அந்தச் சேவையைப் பைபையில் ஒருநாளும் புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லை. இரண்டாவது ரன்டைம் ஒன்று இருந்தால்தான் முதலாவதின் சுபாவம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டோம். ஓட்டும் கருவிகளில் நேரம் கூடுகிறது என்று முணுமுணுப்பு உண்டு. மூடப்படாத தரவுத்தள இணைப்புகள் சிலவற்றை அது பிடித்துக் கொடுத்த பிறகு முணுமுணுப்பின் சத்தம் குறைந்திருக்கிறது.

அந்த ஒரு வரிகூட மாற்ற வேண்டாம் என்ற வாக்கியம் இப்போது வேறு வாசலில் வந்து நிற்கிறது. சிபைத்தானே தனக்குள் ஒரு மாற்று ரன்டைமைத் தயாரித்துவிட்டது. சாம் கிராஸ் முன்மொழிந்து 2024-இல் 3.13-இல் சோதனை அளவில் வந்து, 3.14-இல் அதிகாரபூர்வ ஆதரவு பெற்ற, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் ஜில் என்ற பொதுப் பூட்டு இல்லாத பதிப்பு அது. ஒரே புரோசஸில் பல த்ரெட்கள், அதாவது இணையாகச் செல்லும் வேலை இழைகள், உண்மையாகவே ஒரே நேரத்தில் ஓடும். இணையச் சேவைக்கு இதை முயன்று பார்க்கலாம் என்றார், முன்பு பைபையின் பக் என்று வாதிட்ட அதே நண்பர். இம்முறை அவர் ஒரு பட்டியலோடு வந்தார்: எந்தெந்த இடங்களில் நாம் பூட்டு இருக்கும் தைரியத்தில், பல த்ரெட்கள் தொடும் தரவை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று. பட்டியல் நீளம். அதில் பாதியைத் திருத்தியிருக்கிறோம். மீதியைத் தொடுவதற்கு முன் வேறொரு தடை வந்தது. நாங்கள் பயன்படுத்தும் ஒரு சி லைப்ரரி, பூட்டு இல்லாமலும் தன்னால் ஓட முடியும் என்று இன்னும் அறிவிக்கவில்லை. அப்படிப்பட்ட லைப்ரரியை இறக்குமதி செய்த கணமே, ஓர் எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு ரன்டைம் பூட்டைத் திரும்பப் போட்டுக்கொள்கிறது. அறிவிப்பு வரும்வரை நண்பரின் பட்டியலில் மீதியைத் திருத்திக்கொண்டிருப்போம்.